சின்ன சபையில் கிறிஸ்துமஸ் உதவி: யாரையும் கூச வைக்காமல் கொடுப்பது எப்படி

முப்பது நாற்பது குடும்பம், ஒரு பாஸ்டர், ஒரு கீபோர்டு, மழை பெய்தால் பிரசங்கம் கேட்காத அளவுக்குச் சத்தம் போடும் தகரக் கூரை. மதுரைக்குள்ளேயோ திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி பக்கமோ இப்படி ஒரு பாப்டிஸ்ட் சபையில் இருக்கிறீர்கள், இந்த வருடம் கிறிஸ்துமஸ் உதவிப் பொறுப்பை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்றால் இது உங்களுக்குத்தான். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்றால் மேலே திருமண்டலம் இருக்கிறது, பேராயர் இருக்கிறார். நமக்கு மேலே ஆபீஸ் கிடையாது, சபை அங்கத்தினர்கள் கூடி முடிவெடுப்பதுதான் நம் முறை. யாரிடமும் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம் என்பது இதில் ஒரு வசதி. ஆனால் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே பாட்டைப் பாடுகிறவர்கள், அடுத்த ஞாயிறும் முகத்தைப் பார்த்தாக வேண்டும். நான் சொல்லப்போகிற எல்லாம் இந்த ஒரு சங்கடத்தைச் சுற்றித்தான்.

வேலை டிசம்பரில் ஆரம்பிப்பதில்லை, ஆடியில் ஆரம்பிக்கிறது. விளக்குத்தூண் பக்கமும் தெற்கு மாசி வீதியிலும் ஆடித் தள்ளுபடி போடும்போதே பெரியவர்களுக்கான புடவை, வேட்டியை எடுத்து வைத்துவிடுங்கள். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் நடுவில் போனால் அதே புடவைக்குக் கூட விலை கொடுப்பீர்கள், நல்ல நிறமும் மிஞ்சியிருக்காது. பிள்ளைகள் துணியை மட்டும் ஆடியில் எடுக்காதீர்கள், டிசம்பருக்குள் வளர்ந்துவிடுவார்கள்.

பணமும் அப்படித்தான், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கேட்டால் வராது. கொரிந்து சபைக்குப் பவுல் சொன்ன முறை (முதலாம் நிருபம் 16ஆம் அதிகாரம்) வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கதைத் தனியாகச் சேர்த்து வைப்பது. அதைவிட நல்ல சீட்டு இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. வீட்டுக்கு ஒரு பழைய ஹார்லிக்ஸ் டப்பா, மூடியில் ஒரு கீறல், போதும். கூடவே பெண்கள் ஐக்கியத்தில் பிடி அரிசி வழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள். உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவது நம் அம்மாக்கள் காலத்திலிருந்து வருவது. இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு: ஒரு வீட்டில் ரேஷன் அரிசி, ஒரு வீட்டில் பொன்னி, இன்னொரு வீட்டில் இட்லி அரிசி, எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கொட்டினால் சோறு பாதி குழையும் பாதி விறைக்கும். சபை வராந்தாவில் மூன்று சாக்கு வைத்து மேலே மார்க்கரில் எழுதி விடுங்கள். ஏற்கெனவே கலந்துபோனதை மாவாக அரைத்து தோசைக்கோ கஞ்சிக்கோ வைத்துக்கொள்ளலாம், பொட்டலம் கட்டி யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

அக்டோபர் கடைசியில் அங்கத்தினர் கூட்டம் போடுங்கள். ஒரு பக்கத்தில் கணக்கு, அவ்வளவுதான். சபைக்குள் இருக்கும் கஷ்டப்படுகிறவர்களுக்கு இவ்வளவு, வெளியே இவ்வளவு, ஊழியத்துக்கு இவ்வளவு என்று மூன்று வரி. தலைப்பு மட்டும் போட்டு ‘கிறிஸ்துமஸ் உதவி நிதி’ என்று கேட்டால் கை உள்ளே போகாது, எதற்கு என்று சொல்லிக் கேட்டால் போகும். சீனாவில் ஊழியம் செய்த லாட்டி மூன் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனெரி, கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்தை மிஷன் காணிக்கைக்கென்று ஒதுக்குங்கள் என்று 1887இல் தன் ஊர்ச் சபைகளுக்கு எழுதினார். மறு வருடம் அங்கே பெண்கள் சேர்த்தது 3,315 டாலர், புதிதாக மூன்று பேரைச் சீனாவுக்கு அனுப்ப அது போதுமானதாக இருந்தது. 1912 டிசம்பர் 24 அன்று, ஊர் திரும்பும் வழியில், ஜப்பானின் கோபே துறைமுகத்தில் நின்ற கப்பலில் அவர் இறந்தார். அவர் பெயரில் அமெரிக்காவின் தென் பாப்டிஸ்டுகள் இன்றும் கிறிஸ்துமஸ் காணிக்கை எடுக்கிறார்கள். அவர் கேட்டது ‘சீனாவுக்கு உதவுங்கள்’ என்று பொதுப்படையாக அல்ல, ஆள் வேண்டும் என்றுதான். நீங்களும் ‘நாலு வீட்டுக்கு கேஸ் சிலிண்டர், மூணு பிள்ளைக்கு ஷூ’ என்று கேளுங்கள். வீட்டின் பெயர் மட்டும் வாயில் வரக் கூடாது.

கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, டிசம்பர் 25 என்று வேதத்தில் எங்கேயும் இல்லையே என்பார். எல்லா பாப்டிஸ்ட் சபையிலும் ஒருவர் உண்டு. வாதாட வேண்டாம், அவர் சொல்வது சரியும்கூட. மளிகைப் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிடுங்கள். பண்டிகைக்குத்தான் ஆட்சேபம், கொடுப்பதற்கு அவருக்கு ஆட்சேபமே இருக்காது, கிராம் கணக்கு பிசகாமல் வேறு வாங்கி வருவார்.

இப்போது பட்டியல். பணத்தைவிட இதுதான் கடினம். மூன்று பேருக்கு மேல் தெரியக் கூடாது: பாஸ்டரம்மா, ஒரு டீக்கன் (சபையின் உதவிப் பொறுப்பாளர்), பிறகு எல்லா வீட்டு அடுப்படி வரைக்கும் போய்வரக்கூடிய வயதான அக்கா ஒருவர். பாஸ்டர்கூட முழுப் பட்டியலைப் பார்க்க வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம், அவர் மேடையில் வாய் தவறி ஒரு உதாரணம் சொல்லிவிட்டால் முடிந்தது. விதவைகள், படுக்கையில் இருப்பவர்கள் தானாகவே பட்டியலில் வந்துவிடுவார்கள். விட்டுப்போவது யார் என்றால், இஸ்திரி போட்ட சட்டையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும், வேலை போன விஷயத்தை வீட்டிலேயே சொல்லாத அந்த அண்ணன். மகள் பிரசவத்துக்கு வந்து கைக்காசெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போன குடும்பம். சபையிலேயே ஒருவரிடம் கடன் வாங்கிவிட்டு, முகம் பார்க்க முடியாமல் ஆராதனைக்கே வருவதை நிறுத்திவிட்டவர்கள். வருகைப் பதிவேட்டை எடுத்து செப்டம்பரிலிருந்து யார் வரவில்லை என்று பாருங்கள், பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும்.

போய் “உங்களுக்கு உதவி தேவையா?” என்று கேட்காதீர்கள், நூற்றுக்குத் தொண்ணூறு பேர் “கர்த்தர் நடத்துறாரு” என்று சொல்லி டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அந்த வயதான அக்கா எப்படிக் கேட்பார் தெரியுமா? சும்மா திண்ணையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டே, “ஏம்மா, பிள்ளைகளுக்கு இந்த வருசம் துணி எடுத்தாச்சா? பிளவுஸ் தைக்கக் குடுத்துட்டியா?” என்பார். “இன்னும் இல்லக்கா, பாப்போம்” என்று பதில் வந்தால், அந்த ‘பாப்போம்’ பட்டியலுக்குப் போகிறது. சிலிண்டர் புக் பண்ணியாச்சா, சுகர் மாத்திரை இருக்கா, நகை வட்டி கட்டியாச்சா, இதெல்லாம் அதே மூச்சில் கேட்கக்கூடியவை.

என்ன கொடுப்பது என்பதில் வழக்கமாக நடக்கும் கூத்து: டிசம்பர் 23ஆம் தேதி ஆராதனை முடிந்ததும் மைக்கில் பேர் வாசித்து, வரிசையாக வரச் சொல்லி, புடவையைக் கையில் பிடித்தபடி போட்டோ. தயவுசெய்து வேண்டாம். அந்தப் போட்டோ வாட்ஸ்அப்பில் சுற்றி அந்தப் பிள்ளையின் வகுப்புத் தோழர்கள் வரைக்கும் போகும். உதவியவர் பெயர் போட்ட ஃபிளெக்ஸும் வேண்டாம், அந்தக் காசுக்கு ஒரு சிலிண்டர் வரும்.

23ஆம் தேதி கொடுக்கும் புடவையில் இன்னொரு சங்கடம். பிளவுஸ் யார் தைப்பது? டிசம்பர் 10க்கு மேல் தையல்காரர்கள் துணி வாங்க மாட்டார்கள், வாங்கினாலும் பொங்கலுக்குத்தான் தருவார்கள். லைனிங் வைத்துத் தைக்கும் கூலி சாதாரணப் புடவையின் விலையில் பாதி வந்துவிடும். அதனால் புடவை கொடுத்தால் நவம்பர் கடைசிக்குள் கொடுங்கள், கூடவே தையல் கூலியையும் வைத்துக் கொடுங்கள். கூலி இல்லாத புடவை பீரோவில்தான் கிடக்கும், அந்த அம்மா கிறிஸ்துமஸ் காலையில் பழைய புடவையோடுதான் வருவார், நீங்களும் ‘கொடுத்தோமே, கட்டவில்லையே’ என்று மனதுக்குள் குறைபட்டுக்கொள்வீர்கள்.

பணமாகக் கொடுப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். டிசம்பர் முதல் ஞாயிறு சபையில் எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே மாதிரி கவரில் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை கொடுங்கள், மேலே குடும்பத் தலைவர் பெயர் எழுதி, ஒட்டி. எல்லாருக்கும் கவர் உண்டு, ஆனால் பட்டியலில் இருக்கும் வீடுகளின் கவருக்குள் மட்டும் பணம். டாக்டர் வீட்டுக்கும் அதே கவர், லோடுமேன் வீட்டுக்கும் அதே கவர். நாணயம் போடாதீர்கள், குலுங்கும். ரொம்பக் கனமாகவும் இருக்கக் கூடாது, புது ஐநூறு ரூபாய் நோட்டாக இருந்தால் அட்டைக்குள் தெரியாது. கவரைத் தயார் செய்வது அந்த மூன்று பேர் மட்டுமே, அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு.

மளிகைப் பை தேவைப்படும் வீடுகளுக்கு, கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் வாங்குவதுதான் கட்டுப்படியாகும். சனிக்கிழமை சாயங்காலம் போகாதீர்கள், வார நாளில் காலையில் போனால் கடைக்காரருக்கும் பேச நேரம் இருக்கும். நாலு பேர் குடும்பத்துக்கு நான் போடும் பை: பொன்னி அரிசி 5 கிலோ, சீரகச் சம்பா 1 கிலோ, துவரம் பருப்பு 1 கிலோ, எண்ணெய் 1 லிட்டர், சர்க்கரை, வெல்லம், பச்சரிசி மாவு, டீத்தூள், நெய் சின்ன பாட்டில், பட்டை கிராம்பு ஏலக்காய்ப் பொட்டலம், குளிக்கிற சோப்பு நல்லதாக ரெண்டு. சீரகச் சம்பாவை விட்டுவிடாதீர்கள். பண்டிகை அன்று அந்த வீட்டிலும் பிரியாணி வாசம் வர வேண்டும். கறியைப் பையில் வைக்க முடியாது, அதற்குப் பணமாகக் கொடுத்துவிடுங்கள். பையை யார் கொண்டுபோவது? இருட்டிய பிறகு, டூவீலரில், ஒரே ஆள். நாலு பேர் கூட்டமாகப் போய் ஜெபித்துவிட்டு வந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும்.

வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல்ஸ் ரவுண்ட்ஸுக்கு வருவோம். வாலிபர்களுக்கு இதுதான் கிறிஸ்துமஸே. அரையாண்டுப் பரீட்சை பெரும்பாலும் 23ஆம் தேதி வாக்கில்தான் முடியும் என்பதால் பள்ளிப் பிள்ளைகளை ஒவ்வொரு ராத்திரியும் இழுத்துக்கொண்டு அலையாதீர்கள், சனி ஞாயிறு போதும். வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் ஒரு போடு போடும், கீபோர்டுக்கு நல்ல பிளாஸ்டிக் உறை வாங்கிக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கி வைப்பதென்றால் போலீஸ் அனுமதி வேண்டும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, அரசு தனியாகத் தளர்வு தரும் சில நாட்கள் தவிர, இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரைக்கும் வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பத்து மணிக்கு மேல் போகிற வீடுகளில் டிரம்ஸை இறக்கி வைத்துவிட்டு ஒரு கிதாரோடு பாடுங்கள், கேட்கவும் நன்றாக இருக்கும். சாண்டா வேஷம் போட்ட பையனை நாய் துரத்தும், அது எந்த வருடமும் நடப்பதுதான், ஒரு குச்சியோடு ஆள் பக்கத்தில் இருக்கட்டும்.

கேரல்ஸில் கொடுக்கல் வாங்கல் விஷயம் ஒன்று இருக்கிறது, யாரும் பேசுவதில்லை. வீட்டுக்கு வீடு காணிக்கைப் பை நீட்டுகிறோம், முப்பது பேருக்கு டீயும் கேக்கும் எதிர்பார்க்கிறோம். பட்டியலில் இருக்கும் வீடுகளுக்கும் கேரல்ஸ் போகிறதே, அந்த வீட்டில் என்ன நடக்கிறது? நாம் கொடுத்த கவரிலிருந்தே எடுத்து, பக்கத்து வீட்டில் பால் கடன் வாங்கி, நமக்கு டீ போடுகிறார்கள். இதற்கு ஒரே வழி, ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒரு வீட்டில் மட்டும்தான் டிபன், மற்ற வீடுகளில் பாட்டும் ஜெபமும் மட்டும் என்று நவம்பரிலேயே சபையில் அறிவித்துவிடுவது. காணிக்கைப் பையைச் சபையிலேயே விட்டுவிட்டுப் போங்கள், கொடுக்க நினைக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை கொடுப்பார்கள். வசூல் குறையும் என்று பொருளாளர் முணுமுணுப்பார். குறையட்டும்.

பக்கத்து வீடுகளுக்குப் பலகாரம் அனுப்புவதில் நம்மவர்கள் தவறவிடும் ஒன்று, காலண்டர். கிறிஸ்துமஸ் வருவது மார்கழியில். எதிர் வீட்டு அண்ணன் ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பார், இன்னொரு வீட்டில் மார்கழி முழுக்கக் கவுச்சி தொட மாட்டார்கள். பிளம் கேக்கில் முட்டை, பல வீடுகளில் அச்சு முறுக்கு மாவிலும் ஒரு முட்டை உடைத்து ஊற்றுவார்கள். நாம் ஆசையாகக் கொடுத்தது தட்டோடு அப்படியே வேலைக்காரம்மாவுக்குப் போகும். அதனால் பலகாரம் சுடும் நாளில் முதல் ஈடு முட்டை இல்லாமல், புது எண்ணெயில், அதிரசமும் முறுக்கும் சோமாசியும் சுட்டு எடுத்துத் தனி டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். கொடுக்கும்போது “முட்டை சேர்க்கலைங்க, எண்ணெயும் புதுசு” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவர்களுக்கும் தயக்கம் இருக்காது. முஸ்லிம் வீட்டுக்கு பிரியாணி அனுப்புவதென்றால் கறியை ஹலால் கடையில் வாங்குங்கள், அதையும் சொல்லிவிடுங்கள். தட்டு காலியாகத் திரும்பி வராது என்பதால் பொங்கலுக்கும் ரம்ஜானுக்கும் உங்களுக்கு வேலை மிச்சம். தெருக் கூட்டும் தூய்மைப் பணியாளர், பேப்பர் போடும் தம்பி, பால்காரர், இவர்களுக்கு இனாமை 24ஆம் தேதியே கொடுங்கள். 26ஆம் தேதி காலையில் நம் பட்டாசுக் குப்பையைக் கூட்டுவது யார் என்று யோசித்தால் எவ்வளவு கொடுக்கலாம் என்பது தானாகத் தெரியும்.

கொடுக்கும் பொருளோடு சுவிசேஷக் கைப்பிரதி வைக்க வேண்டுமா என்று எப்போதும் ஒரு கேள்வி வரும். என் பதில், வேண்டாம். கேரல்ஸில் பாடுகிறோம், ஆராதனைக்குக் கூப்பிடுகிறோம், அதெல்லாம் வெளிப்படையாக நடக்கட்டும். அரிசிப் பைக்குள் துண்டுப் பிரதி இருந்தால் அரிசிக்கு விலை வைத்த மாதிரி ஆகிவிடுகிறது.

25ஆம் தேதி அன்பின் விருந்து. பிரியாணி அரிசி கிலோவுக்கு எட்டுப் பேர் என்று போட்டால் 150 பேருக்கு 19 கிலோ, பிள்ளைகள் அதிகம் இருந்தால் 17இல் நிறுத்தலாம். ஆட்டுக்கறிதான் வேண்டும் என்று சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள், கோழி போட்டு மிச்சப்படும் பணத்தில் என்னென்ன செய்யலாம் என்று கூட்டத்தில் கணக்குக் காட்டுங்கள். முதல் இலை போடுவதற்கு முன்னால் பார்சல் கிளம்ப வேண்டும்: படுத்திருப்பவர்கள், அவர்களைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே தங்கிவிட்ட மருமகள், அன்றைக்கும் டியூட்டியில் இருக்கும் ஏ.டி.எம். வாட்ச்மேன். பந்தி முடிந்து மிச்சத்தைக் கட்டி அனுப்பினால் அது மிச்சம்தான், எலும்பும் அடிச் சோறும்தான் போகும். அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் ஏழு பேரைத் தெரிந்தெடுத்ததே அன்றாடப் பந்தியில் விதவைகள் விட்டுப்போகிறார்கள் என்ற முறுமுறுப்பினால்தான், டீக்கன் வேலையின் ஆரம்பம் என்று நாம் காட்டுவதும் அந்த இடத்தைத்தான். ஆகவே டீக்கன்மார் அன்று மேடையில் உட்காராமல் வாளி தூக்கட்டும். பாத்திரம் கழுவுவது ஆண்கள். பெண்கள் ஒரு வாரமாகப் பலகாரம் சுட்டுக் கை வெந்துபோயிருக்கும்.

வெளியே செய்யும் உதவிக்கு எல்லாரும் நினைப்பது பிள்ளைகள் இல்லம். 25ஆம் தேதி அங்கே போகாதீர்கள். அன்றைக்கு மட்டும் ஏழெட்டு கூட்டம் கேக்கோடு வந்து நிற்கும், பிள்ளைகள் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஆடிப்பாடிக் காட்டிக் களைத்துப்போவார்கள். பொறுப்பாளருக்குப் போன் போட்டு, பிப்ரவரியில் என்ன வேண்டும் என்று கேளுங்கள், அரிசியும் சானிட்டரி நாப்கினும் என்பார்கள். கோரிப்பாளையம் ராஜாஜி அரசு ஆஸ்பத்திரியில் செய்ய நினைத்தால் வார்டுக்குள் சாப்பாடு கொண்டுபோக முயல வேண்டாம், நோயாளிக்கு எது ஆகும் எது ஆகாது என்று நமக்குத் தெரியாது. வெளியே ராத்திரி தங்கும் துணையாட்களைப் பாருங்கள். ராமநாதபுரம், சிவகங்கை, தேனிப் பக்கத்திலிருந்து திடீரென்று வந்தவர்கள், மாற்றுத் துணிகூட இருக்காது. பாய், போர்வை, பிளாஸ்க், மூடி போட்ட பக்கெட், இவைதான் தேவை. ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இட்லிப் பொட்டலம் கொடுப்பதானால் 26, 27 தேதிகளில் கொடுங்கள், 25ஆம் தேதி கொடுக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

வெளிநாட்டுப் பணத்தில் கவனம் வேண்டும். சபைப் பிள்ளை துபாயில் வேலை பார்க்கிறான், இந்திய பாஸ்போர்ட், தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புகிறான் என்றால் அது வெளிநாட்டு நன்கொடையில் சேராது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டவர், ஓ.சி.ஐ. கார்டு (இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருந்தாலும், சட்டப்படி வெளிநாட்டவர்தான். எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாத சபை அவரிடம் காணிக்கை வாங்கக் கூடாது, டீக்கனின் சொந்தக் கணக்கில் வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அது இன்னும் பெரிய வம்பு.

கணக்கை ஜனவரி முதல் ஞாயிறே வாசித்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் பேச்சு வரும். வரவு இவ்வளவு, துணி இவ்வளவு, மளிகை இவ்வளவு, கவர் இவ்வளவு, மொத்தத் தொகை மட்டும். பில்லெல்லாம் ஃபைலில் இருக்கட்டும், யார் கேட்டாலும் காட்டலாம். பட்டியல் காகிதத்தை மட்டும் அந்த அக்கா அடுப்பில் போட்டுவிட வேண்டும். மிச்சம் இருந்தால் ஆண்டு விழாவுக்கோ பெயிண்டுக்கோ திருப்பிவிடாமல் தனியாக வைத்திருங்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது பை, நோட்டு, வேன் ஃபீஸ் என்று அதே வீடுகளில் மறுபடி ஒரு ‘பாப்போம்’ வரும்.